இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு

"மூணு வருஷமா" என்று மங்கையர்க்கரசி சொன்னபோது அவள் குரலில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. மூச்சுதான் போதாமல் இருந்தது. டாக்டர் கேட்டது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். வேற மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடுறீங்களாம்மா? அதற்குத் திரவியம்தான் வாயைத் திறந்தான். பெண்டாட்டி சாப்பிடுகிற மாத்திரை அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் பதினோரு வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறவன், அவளுக்கு வேண்டியதைத் தன் கையாலேயே அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கிறவன். டைக்ளோபெனாக் ஐம்பது டாக்டர், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, முதுகுவலிக்கு, நாப்பது நாளா, கூட வயித்துப் புண்ணுக்கு ஒண்ணு, என்று கடைக்காரக் குரலில் அவன் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு குறுக்கே பேசினாள். "கருத்தடை மாத்திரையும் சாப்பிடுதேன் டாக்டர். மூணு வருஷமா." டாக்டர் பர்வீன் சின்ன வயசுப் பெண். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மாதிரி நேரங்களில் புருஷன்மார் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று பழகியவள் போலக் குனிந்து எழுதினாள். "கால்ல ரத்தம் கட்டியிருக்கு. அதுல ஒரு துண்டு பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஸ்கேன்ல தெரிஞ்சிரும்" என்றாள். அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், கதவு மூடியது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, அவன் கையில் அவள் செருப்பும், கம்மலையும் செயினையும் முடிந்த கைக்குட்டையும் மிஞ்சின.

செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தான், எடுத்தான், மறுபடி மடியில் வைத்துக்கொண்டான். மூணு வருஷம். வருஷத்துக்குப் பதிமூன்று அட்டை, மூன்று வருஷத்துக்கு முப்பத்தொன்பது அட்டை. அட்டைக்கு இருபத்தெட்டு, அதில் இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு. வெள்ளையில்தான் மருந்து, பழுப்பு வெறும் இரும்புச்சத்து, தினம் ஒன்று என்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க. அது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அந்தப் பழுப்பு மாத்திரையை அவள் அவன் கண் முன்னாலேயே விழுங்கியிருக்கிறாள். அடுப்படியில், அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அவன் தோசைக்குக் காத்திருக்க, தம்ளரைத் தூக்கி அண்ணாந்து. என்னது அது என்று அம்மா கேட்டாள், சத்து மாத்திரை அத்தை, நாள் வந்தா ரொம்பப் போகுதுல்ல, அதுக்கு. அம்மா தலையாட்டினாள், அவனும் தலையாட்டினான். ரோட்டில் கிடக்கிற மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினால்கூட நிறத்தையும் கோட்டையும் பார்த்து இன்னதென்று சொல்லக்கூடியவன், தன் வீட்டுத் தம்ளர் பக்கத்தில் பேரில்லாத ஒரு பழுப்பு மாத்திரையைப் பார்த்தான், பார்த்துவிட்டு தேங்காய்ச் சட்னி கேட்டான். அப்படியானால் மாசத்தில் ஏழு நாள் அவள் பொய் சொல்லவில்லை. ஏழு நாளும் அது சத்து மாத்திரைதான். பொய் மீதி இருபத்தோரு நாளில்தான். இதையெல்லாம் இப்படிப் பிரித்துப் பார்க்கிற தன் புத்தியை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. உள்ளே ஒருத்தி மூச்சுக்குத் திணறுகிறாள், இவன் பொய்யை அட்டை அட்டையாக எண்ணிக்கொண்டிருக்கிறான். ஆனால் எண்ணாமல் எப்படி இருப்பது? வெள்ளையை எங்கே வைத்திருந்தாள்? தையல் மிஷின் டிராயரிலா, ஹூக்கும் நூல்கண்டும் கிடக்கிற அந்த டிராயரிலா, அதைத் திறந்து அவன் எத்தனை தடவை கத்தரிக்கோல் எடுத்திருக்கிறான். எப்போது விழுங்கினாள்? அவன் பக்கத்தில் வந்து படுப்பதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், அவன் திரும்பிப் படுத்துத் தூங்கிப் போனதற்கு அப்புறம் எழுந்து போய் இருட்டில் தண்ணீர் குடித்தாளே, அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது, தாகம் என்று நினைத்தான். தாகம்!

கடையில் வாங்கியிருக்க மாட்டாள். இந்த ஊரில் எந்த மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றாலும் வா தங்கச்சி, திரவியம் கடையில ஸ்டாக் இல்லையா என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் ஆரம்ப சுகாதார நிலையம், அப்படியானால் கலாவதி சிஸ்டர். அங்கேதான் இனாமாகக் கொடுப்பார்கள். கலாவதி சிஸ்டர் வாரத்துக்கு ஒரு தடவை அவன் கடைக்கு இருமல் மருந்துக்கு வருவாள், ஸ்கூட்டியை நிறுத்தாமலே கை நீட்டி வாங்கிக்கொள்வாள், வீட்ல எல்லாரும் சௌக்கியமா அண்ணாச்சி என்று சிரிப்பாள். மூணு வருஷமாக அந்தச் சிரிப்பு. அவன் பெண்டாட்டி வயிற்றில் ஏன் மறுபடி ஒன்றும் தங்கவில்லை என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்க, காரணம் தெரிந்த ஒரே ஆள் அவன் கடை வாசலில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறாள். அவன் மட்டும் என்ன செய்தான்? குறை தன்னிடம்தானோ என்று பயந்து மதுரைக்குப் போனான். கொள்முதலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், பேரை மாற்றிக் கொடுத்து, ஒரு லேபில் சின்ன டப்பாவோடு கழிப்பறைக்குள் போய் நின்று, வெளியே யாரோ கதவைத் தட்ட, வியர்த்து ஊற்ற. ரிசல்ட் நன்றாகத்தான் வந்தது. நன்றாக வந்ததில் ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது, அப்படியானால் குறை அவளிடம்தான் என்று. அந்தச் சந்தோஷத்தோடு அவளைப் பார்த்த திருநெல்வேலி டாக்டர் எழுதிய கருமுட்டை வளர்கிற மாத்திரையை வாங்கிவந்து அவள் கையில் வைத்தான். அதை என்ன செய்தாள்? குப்பையில் போட்டாளா, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் கரைத்தாளா? மதுரைக்குப் போனதை அவன் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அதை ஒரு பொய்யாகவும் அவன் எண்ணியதில்லை. அது கூச்சம். ஆம்பளை செய்தால் கூச்சம், அவள் செய்தால் மூணு வருஷத் துரோகம்.

துரோகம் என்கிற வார்த்தையை மனசு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கியது. நல்ல கனமான வார்த்தை, ஆனால் பிடித்துத் தொங்கும்போதே கை வழுக்கிற்று, ஏனென்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது, அதை அவன் டாக்டர் குனிந்து எழுதிய நிமிஷத்திலிருந்தே பார்க்காமல் தள்ளிக்கொண்டிருந்தான். கருத்தடை மாத்திரை அவள் சாப்பிட்டது. வலி மாத்திரை அவன் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன என்பது அவனுக்குத் தெரியும். போன வருஷம் மருந்துக்கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது, எங்கோ வெளிநாட்டில் லட்சக்கணக்கான பெண்களைப் பல வருஷம் கணக்கெடுத்து, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து கூடுகிறது, டைக்ளோபெனாக்கில் இன்னும் கூடுகிறது என்று. கூடினாலும் லட்சம் பேரில் ஒரு வாரத்தில் பத்து, பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். குரூப்பில் மற்றவர்கள் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவன் உட்கார்ந்து முழுசாகப் படித்தான். படித்ததோடு விடவில்லை. மறுநாளே கடையில் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்த பேங்க் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி, தப்பா நினைக்காதீங்கம்மா, குழந்தை தள்ளிப்போட மாத்திரை ஏதும் ஓடுதா என்று கேட்டான். அவள் ஆமாம் என்று முகம் சிவந்தாள். அப்ப இது வேண்டாம், டாக்டரைப் பார்த்து வேற எழுதிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினான். அன்றைக்கெல்லாம் அவனுக்குத் தன்மேல் ஒரு மரியாதை. சுகர் இருக்கா, வயித்துப்புண் இருக்கா, நாள் தள்ளியிருக்கா, வேற என்ன ஓடுது. இத்தனையும் கேட்காமல் அவன் யாருக்கும் வலி மாத்திரை கொடுத்ததில்லை. கேள்வி கேக்குற கடை என்று ஊரில் பேர். ஒருத்திக்கு மட்டும் கேட்காமல் கொடுத்தான். ஏங்க முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, உக்காந்து தைக்க முடியல என்றாள். மறுநாள் மத்தியானம் சாப்பிட வரும்போது சட்டைப் பையில் அட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பத்து நாளைக்கு. பிறகு இன்னொரு பத்து. பிறகு, கல்யாண சீசன், பிளவுஸ் குவிந்து கிடக்கிறது, இன்னும் இருபது. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருக்க மாட்டாள் என்று அவன் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான், சொன்ன உடனே அது ஆறுதல் இல்லை என்று தெரிந்தது. வாசலில் நிற்கிற பேங்க் பெண் சொன்னாள். முன்பின் தெரியாதவள், இரண்டு நிமிஷத்தில், முகம் சிவந்து சொன்னாள்.

போன் அதிர்ந்தது. அம்மா. அவன் எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது. அம்மா வீட்டில் மகள் நித்திலாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நித்திலாவுக்கு ஏழு வயசு, காலையில் அம்மா உதடு ஏம்ப்பா ஊதா கலரா இருக்கு என்று கேட்டவள் அவள்தான், அவன் இல்லை. மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மூச்சு விட்டா குத்துதுங்க என்றாள், அப்போதுகூட அவனுக்கு வாயு என்றுதான் தோன்றிற்று. நாலு நாளைக்கு முன்னால் திருவெண்காடு போய்வந்த அலுப்பு என்று நினைத்தான். அம்மாதான் ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே மூன்று குளத்திலும் முங்கி எழுந்தால் பிள்ளை நிச்சயம், எய்யா, போற வயசாச்சு எனக்கு, பேரனைப் பாத்துட்டுப் போயிருதேன். வாடகைக் கார் பிடித்து எட்டு மணி நேரம். மங்கை பின்சீட்டில் நடுவில், காலை மடக்கி, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மடியில் தலை வைத்துத் தூங்கும் நித்திலா. வழியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவள், இறங்கி இடம் தேட வேண்டுமே என்று. கிளம்புகிறபோது முதுகு வலிக்கும் என்று பயந்தாள், அவன்தான், ஒண்ணு கூடப் போட்டுக்க, எட்டு மணி நேரம் அசையாம உக்காரலாம் என்று மூன்றாவது மாத்திரையைக் கொடுத்தான். அசையாமல்தான் உட்கார்ந்து வந்தாள். மூன்று குளத்திலும் முங்கினாள். ஈரச் சேலை உடம்பில் ஒட்ட, பல் கிட்டிக்க, கரையேறிவந்து கும்பிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், என்ன ஒரு நம்பிக்கையோடு கும்பிடுகிறாள் என்று நினைத்து அவனும் கைகூப்பினான். பையில் அந்த மாசத்து அட்டை இருந்திருக்கும். என்ன வேண்டிக்கொண்டாள்? வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாளா? திரும்பி வந்த மறுநாள் இடது கால் கெண்டைச் சதை வீங்கிப் பளபளவென்று இருந்தது. குளத்துப் படியில சுளுக்கிருக்கும் என்று அம்மா நல்லெண்ணெயைச் சூடு காட்டி நீவிவிட்டாள், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, அழுத்தி, பாசமாகத்தான். அவன் நீவுவதைப் பார்த்துக்கொண்டே களிம்பை எடுத்துக் கொடுத்தான். வீங்கிய காலை நீவக் கூடாது என்று எத்தனை கிழவிகளுக்குச் சொல்லியிருக்கிறான். ஒற்றைக் கால் வீங்கினால் டாக்டரைப் பாருங்கள் என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறான். அது வாடிக்கைக்காரர்களுக்கு. வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் மருந்து படித்தவன் இல்லை, வெறும் புருஷன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே படிப்பையும் சேர்த்து மாட்டிவிடுகிறான்.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது. இவ்வளவு நேரம் ஆகுமா? எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தார். செத்துவிட்டால்? அவன் அந்த நினைப்பைக் கிட்டே விடவில்லை, அது சுற்றி வந்து இன்னொரு பக்கமாக உட்கார்ந்தது. செத்துவிட்டால் நித்திலாவுக்கு யார் தலை பின்னுவது. செத்துவிட்டால் அந்தப் பிளவுஸ்களை யாருக்கு யார் கொடுப்பது, எது யாருடையது என்று அவனுக்குத் தெரியாதே. செத்துவிட்டால் அவளிடம் கோபப்படவே முடியாமல் போய்விடுமே. இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவன் எழுந்து நின்றுவிட்டான். ஆஸ்பத்திரி வாடை, டெட்டால், ஈரத் துணி. இதே வாடை நாலு வருஷத்துக்கு முன்னாலும். வேறு ஆஸ்பத்திரி, மாடி வார்டு, கடைசிக் கட்டில். எட்டு மாசம் முடிந்திருந்தது. ரெண்டு நாளா அசையலைங்க என்று அவள் சொன்னபோது தூங்குதா இருக்கும் என்று அவன் சொன்னான். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், வலி வரவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பதினாலு மணி நேரம். உயிரில்லை என்று தெரிந்தே, பெறுகிறவளைப் போலவே முக்கி, கத்தி, வியர்த்து. அவன் வெளியே நின்றான். பக்கத்து அறையில் வேறொரு குழந்தை அழுதது, அது தன்னுடையதோ என்று ஒரு நிமிஷம் கிறுக்குத்தனமாக நினைத்தான். ஆண் குழந்தை. காட்டாதீங்க, பாத்தா மறக்க மாட்டா என்று அம்மா நர்சிடம் சொன்னாள், அவனும் ஆமாம் காட்டாதீங்க என்றான். துண்டில் சுற்றிக் கொடுத்ததை அவனும் தாய்மாமாவும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரம். கட்டிலோரம் உட்கார்ந்து, பேச ஒன்றும் கிடைக்காமல், அழாத மங்கை, அடுத்தது நல்லா வரும் என்றான். அடுத்தது. கடையில் நாளெல்லாம் அவன் சொல்கிற வார்த்தை அது. சீட்டை வாங்கி, மாத்திரையை வெட்டி, கவரில் போட்டு, அடுத்தது யாரு? அவள் அழுகையை நிறுத்தினாள். சொன்னது எடுபட்டுவிட்டது என்று அவன் நினைத்தான். அன்றையிலிருந்து அவள் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மறந்துவிட்டாள், நல்லவேளை என்று அம்மாவும் அவனும் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் கழித்து அம்மா மெல்ல ஆரம்பித்தாள், அடுத்தது எப்பய்யா. அவனும் கேட்டான், அடுத்தது. நாளைப் பார்த்துக் கேட்டான், சிரித்துக் கேட்டான், இருட்டில் கேட்டான். உனக்கு வேணுமா என்று கேட்கவில்லை. அது கேட்கிற விஷயம் என்றே தோன்றவில்லை. சோறு வேணுமா என்று கேட்பதுண்டு, காப்பி வேணுமா என்று கேட்பதுண்டு.

விளக்கு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் பர்வீன் வந்தாள். இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். "ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கு. பெரிய குழாயை அடைக்கல, அதுவரைக்கும் நல்லது. ரத்தம் உறையாம இருக்க ஊசி ஆரம்பிச்சாச்சு. ரெண்டு நாள் ஐ.சி.யூவுல வச்சுப் பாக்கணும்." பிழைச்சிருவாளா என்று கேட்க வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அவளே சொன்னாள், "இப்போதைக்குத் தாங்குறாங்க. இன்னைக்கு ராத்திரி தாண்டணும்." எதுனால டாக்டர், என்றான், தெரிந்தேதான் கேட்டான், வேறு யார் வாயாலாவது கேட்க வேண்டும் போல இருந்தது. "ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாதுங்க. அந்த மாத்திரை தனியாவே அபூர்வமா இப்படிச் செய்யும். வலி மாத்திரை சேர்ந்தா ஆபத்து கொஞ்சம் கூடும். நீண்ட பயணம், தண்ணி குடிக்காதது, எல்லாம்தான். லட்சக்கணக்கான பேர் சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகுறதில்லை. இவங்களுக்கு ஆகிருச்சு." பிறகு கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டே, மருந்து தெரிந்தவனிடம் பேசுகிற மாதிரி விவரமாகச் சொன்னாள். இனிமேல் அந்த ஹார்மோன் மாத்திரை ஆயுசுக்கும் ஆகாது. வலி மாத்திரையும் தொடக் கூடாது, ரத்தத்தை இளக்குகிற மருந்தோடு சேர்ந்தால் உள்ளே கசியும். அந்த மருந்து ஆறு மாசமாவது ஓடும், அதுவரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. "அதுக்கு வழி நீங்கதான் பாக்கணும். அவங்க உடம்பு இதுக்கு மேல தாங்காது. ஆம்பளைங்களுக்கு ஆபரேஷன் கால் மணி நேர வேலை சார், அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்." போய்விட்டாள். கால் மணி நேரம். பதினாலு மணி நேரத்தையும் மூணு வருஷத்தையும் ஒரு பக்கம் வைத்து, இந்தக் கால் மணி நேரத்தை மறுபக்கம் வைத்தால். அவன் காது மடல் சுட்டது. ஆத்திரமா, அவமானமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

அம்மாவின் எட்டாவது அழைப்பை எடுத்தான். "எய்யா, என்னய்யா சொல்லுதாவ? எதனால வந்துச்சாம்?" அவன் சுவரில் சாய்ந்தான். சொல்லிவிடலாம். ஒரே வரி. உன் மருமகள் உன்னையும் என்னையும் மூணு வருஷமா ஏமாத்திட்டாம்மா. சொன்னால் நெஞ்சிலிருந்து கல் இறங்கும், அம்மா அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள், மங்கை ஐ.சி.யூவிலிருந்து வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே அது காத்துக்கொண்டிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. "நான் குடுத்த வலி மாத்திரைம்மா" என்றான். "என்னய்யா சொல்லுத?" "நாப்பது நாள் குடுத்தேன்ல, அது ஒத்துக்கலை. ரத்தம் கட்டிருச்சு." "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குத, பொண்டாட்டிக்குப் பாத்துக் குடுக்க மாட்டியா" என்றாள். அது வலித்தது, வலித்தது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. பெரிய தியாகம் ஒன்றைச் செய்துவிட்டவன் போல, முதுகை நிமிர்த்திக்கொண்டு, செருப்பையும் கைக்குட்டையையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

ஐந்து நிமிஷம்தான், பேச விடாதீங்க என்றாள் வாசலில் நர்ஸ். மங்கை மல்லாந்து கிடந்தாள். உதட்டில் ஊதா கொஞ்சம் குறைந்திருந்தது. அவன் கட்டில் பக்கம் போய், அவள் காதருகே குனிந்து, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லலை. நான் குடுத்த மாத்திரையாலதான்னு சொல்லிட்டேன். நீ கவலைப்படாத" என்றான். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தான். கை அவன் கையைத் தேடும் என்று நினைத்து, தேட வசதியாகக் கையைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். அவள் முகமூடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன் சொல்லலை?" என்றாள். "உனக்காகத்தான்." "எனக்காகவா? டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துல நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான சொன்னேன்." ஒரு மூச்சு. "சாகப்போறோம்னு நினைச்சுச் சொல்லலை. போதும்னு ஆகிருச்சு, அதான் சொன்னேன். மறுபடியும் ஒளிக்கச் சொல்லுதீங்களா? என்னால ஆகாது." மானிட்டரில் பச்சைக் கோடு ஓடிற்று. "ஏன் சாப்பிட்டேன்னு நீங்க கேக்கலையே" என்றாள். "தெரியும் மங்கை." "என்ன தெரியும்?" அவன் தடுமாறினான். "அந்தப் பிள்ளை... பயந்துட்ட. மறுபடி அப்படி ஆகிருமோன்னு." அவள் தலையை இப்படியும் அப்படியுமாக மெதுவாக ஆட்டினாள், இல்லை என்றா, உங்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்றா. "பயமெல்லாம் இல்லை. அவன் போன மறுநாளே அடுத்ததுன்னீங்க. அடுத்ததுன்னு ஒண்ணு வந்துட்டா, அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லைன்னு ஆக்கிருவீங்க. நீங்களும் அத்தையும். அதுக்குத்தான் நான் பெறலை." மூச்சு வாங்கினாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "எட்டு மாசம் எனக்குள்ள கிடந்தான். அவனுக்கு நான் பேர் வச்சிருந்தேன்." திரவியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "என்ன பேரு?" என்றான். மங்கை அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சொல்ல மாட்டேன்" என்றாள். "இன்னைக்கு நான் கிடக்கிறதைப் பாத்துக் கேக்குறீங்க. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நேரம் ஆச்சு சார் என்றாள் நர்ஸ்.

படி இறங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றான். வெயில் ஏறியிருந்தது. ஆட்டோக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள், யாரோ அவனை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். துண்டில் சுற்றிய முகத்தை அவனும் விலக்கிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கனம்தான் தெரியும், முகம் தெரியாது. முகத்தைப் பார்க்காதவனுக்குப் பேர் மட்டும் எதற்கு? போனை எடுத்தான், அம்மா பேரை அழுத்தினான். ஒரே மணியில் எடுத்தாள். "அம்மா, நான் முன்னாடி சொன்னது பாதிதான். முழுசாச் சொல்லுதேன், குறுக்க பேசாமக் கேளு." சொன்னான். மாத்திரையைச் சொன்னான், மூணு வருஷத்தைச் சொன்னான், மதுரையையும் சொன்னான், காட்டாதீங்க என்று இருவரும் சேர்ந்து சொன்னதையும் சொன்னான். எதிர்முனையில் நித்திலா ஏதோ பாடுவது கேட்டது, அம்மா மூச்சு விடுவது கேட்டது. "அடிப்பாவி" என்றாள் அம்மா கடைசியில். "குளத்துல முங்கி முங்கி எந்திரிச்சாளே. வரட்டும். வீட்டுக்கு வரட்டும் அவ, நான் கேக்குதேன்." வெயில் கண்ணில் குத்தியது. அவன் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டான். "வீட்டுக்கு வருவாளான்னே தெரியலைம்மா" என்றான். அம்மா பதறினாள், "ஏன்யா, டாக்டரு என்ன சொன்னாரு? உசுருக்கு ஆபத்துன்னுட்டாரா?" "உசுருக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றான் திரவியம். "பொழைச்சிருவா. பொழைச்சதுக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கு வருவாளான்னுதான் சொல்லுதேன்."